அன்றாட ஓட்டத்துக்கான பைக்குக்கு டயர்: மலிவானதா, பெயர்பெற்றதா? முழுமையான வழிகாட்டி

டயர் வாங்கச் செல்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது விலை; இரண்டாவதாகப் பார்ப்பது பட்டன்களின், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் மேடுகளின், தோற்றம். அளவு, சுமைத் திறன், தயாரிப்புத் தேதி ஆகியவை டயர் ரிம்மில் ஏறிய பிறகே நினைவுக்கு வருகின்றன. புதிதாக வாங்குவோர் தடுமாறுவதற்கு இந்த வரிசையே காரணம் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனவே தினமும் வேலைக்கும் வீட்டுக்கும் ஓடும் சிறிய, நடுத்தர பைக்குகளை மனத்தில் வைத்து, எதை எதற்கு முன் பார்க்க வேண்டும் என்பதையும் அதன் காரணத்தையும் இங்கே தருகிறேன். விலை பற்றிய பேச்சு ஆறாவது படியில்தான் வரும்.

1. கடைக்குப் போகும் முன் சேகரிக்க வேண்டியவை

வண்டியோடு வந்த கையேட்டையோ, செயின் கவரிலும் ஸ்விங்ஆர்மிலும் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) ஒட்டப்பட்டிருக்கும் ஸ்டிக்கரையோ பார்த்து, முன் டயர், பின் டயர் இரண்டின் அளவையும் காற்றழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது வண்டியில் இருக்கும் டயரை மட்டும் பார்த்து எழுதிக்கொள்வது போதாது. முன்பு வண்டியை வைத்திருந்தவர் தவறான அளவை மாட்டியிருக்கலாம்.

இரண்டாவதாக, வழக்கமாக எவ்வளவு சுமை ஏறுகிறது என்பதை நேர்மையாக எழுதுங்கள்: தனியாகவா, பின்னால் ஒருவரோடா, பெட்டியும் பையும் உண்டா? மூன்றாவதாக, ஆண்டில் எத்தனை மாதங்கள் ஈரச் சாலையில் ஓட்டுகிறீர்கள் என்பதை யோசித்து வையுங்கள். நான்காவதாக, பழைய டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கு, தோராயமாக இருந்தாலும் வேண்டும். இந்த நான்கும் இல்லாமல் கடைக்குப் போனால், உங்கள் தேவையைக் கடைக்காரர் முடிவு செய்வார். அது அவரிடம் இருப்பில் உள்ள டயராகவே இருக்கும்.

2. பழைய டயரின் தேய்மானத்தைப் படியுங்கள்

கழற்றப்போகும் டயரைக் குனிந்து பார்க்கச் சில நிமிடங்கள் செலவிடுங்கள். பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தட்டையாகத் தேய்ந்திருப்பது, நேர்ச் சாலையில் அதிகம் ஓடும் வண்டிக்கு இயல்பானது. அளவுக்கு மீறித் தட்டையாகியிருந்தால் காற்று அதிகமாக நிரப்பப்பட்டிருக்கலாம். இரு ஓரங்களும் முன்கூட்டியே தேய்ந்து, பக்கச்சுவரில் (ரிம்முக்கும் பட்டனுக்கும் இடைப்பட்ட பகுதி) மெல்லிய வெடிப்புகளும் தெரிந்தால் காற்றுக் குறைவாக நெடுநாள் ஓடியிருக்க வாய்ப்பு உண்டு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரம் நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். முன் டயரில் மேடும் பள்ளமுமாக அலைபோன்ற தேய்மானம் தெரிந்தால் ஃபோர்க், பேரிங், சக்கரச் சமநிலை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதை முதலில் செய்வதற்கு வலுவான காரணம் உண்டு. குறை வண்டியில் இருந்தால், எவ்வளவு உயர்ந்த டயரை மாட்டினாலும் அதே வேகத்தில் தேயும். பழி மட்டும் டயரின் மேல் விழும். மலிவு டயர் சீக்கிரம் போய்விட்டது என்று சொல்வோரில் கணிசமானவர்களின் வண்டியில் உண்மையான காரணம் காற்றழுத்தமே.

டயர் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்டதா என்பதையும் இப்போதே உறுதி செய்துகொள்ளலாம். பக்கச்சுவரின் மேல் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. (தேய்மானக் குறி) என்ற ஆங்கில எழுத்துகளோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்தின் அடியில் ஒரு சிறு ரப்பர் மேடு இருக்கும். மோட்டார் சைக்கிள் டயர்களில் பெரும்பாலும் அதன் உயரம் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு இறங்கிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஈரச் சாலையில் அதிகம் ஓட்டுபவர்கள் அந்த எல்லை வரை காத்திருக்கக் கூடாது. டயர் மொட்டையாவதற்கு வெகு முன்பே, நீரை வெளியேற்றும் ஆற்றல் குறைந்துவிடுகிறது.

3. பக்கச்சுவரின் எண்களைப் பொருத்துங்கள்

வழிகாட்டியின் மிக முக்கியமான படி இது, அவசரம் வேண்டாம். 100/90-17 55பி என்று ஒரு டயரில் இருந்தால், 100 என்பது மில்லிமீட்டரில் அகலம். 90 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 90 விழுக்காடு என்பதைக் குறிக்கும். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 55 என்பது சுமைக் குறியீடு. அது டயர் தாங்கக்கூடிய 218 கிலோவைக் குறிக்கிறது. கடைசி எழுத்தான பி (ஆங்கில P), மணிக்கு 150 கிலோமீட்டர் என்ற வேக எல்லை. எழுத்து ஜே என்றால் 100, எல் என்றால் 120, எஸ் என்றால் 180. பழைய முறையில் 2.75-18 என்று இருந்தால் அகலமும் ரிம் விட்டமும் இரண்டுமே அங்குலத்தில் உள்ளன.

புதியவர்கள் அகலத்தையும் ரிம்மையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். சுமைக் குறியீட்டைப் பார்ப்பதில்லை. 80/100-18 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். அதே அளவில் முன் சக்கரத்துக்கு 47 என்ற குறியீடும் பின் சக்கரத்துக்கு 54 என்ற குறியீடும் கொண்ட டயர்கள் உண்டு. 47 என்றால் 175 கிலோ. 54 என்றால் 212 கிலோ. இப்போது 125 கிலோ எடையுள்ள வண்டியில் இருவர் ஏறி 140 கிலோ, பை 15 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 280 கிலோ. பின்னால் ஆள் இருக்கும்போது அதில் சுமார் 65 விழுக்காடு பின் சக்கரத்தின் மேல் விழுந்தால் 182 கிலோ. 54 குறியீடுள்ள டயருக்கு அது இயல்பான சுமை. 47 குறியீடுள்ளதற்கோ எல்லை மீறிய சுமை. அளவு ஒன்றுதானே என்று முன் டயரைப் பின்னால் மாட்டுவதன் விளைவு உடனே தெரியாது. பக்கச்சுவர் அதிகமாக வளைந்து சூடேறி, சில மாதங்கள் கழித்து உப்பலாகவோ வெடிப்பாகவோ வெளிப்படும். ஆகவே சுமைக் குறியீடும் வேக எழுத்தும் கையேட்டில் உள்ளதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் எந்தத் தள்ளுபடிக்கும் சம்மதிக்காதீர்கள்.

அடுத்து, ட்யூப்லெஸ் டயரா, டியூப் உள்ள டயரா என்பது. டி.எல். என்பது முன்னதையும் டி.டி. என்பது பின்னதையும் குறிக்கும். ஆரக்கம்பி வைத்த சக்கரங்களில் பெரும்பாலானவற்றுக்கு டியூப் தேவை. கம்பி நுழையும் துளைகள் வழியே காற்று வெளியேறிவிடும். வார்ப்பு அலாய் சக்கரம் என்றாலும் அது ட்யூப்லெஸ் டயருக்கானதா என்பதை ரிம்மின் மேல் உள்ள எழுத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். ரிம் ஏற்கும் இடத்தில் ட்யூப்லெஸ் டயரையே தேர்ந்தெடுங்கள். ஆணி குத்தினால் டியூப் சட்டென்று காற்றை விட்டுவிடக்கூடும். ட்யூப்லெஸ் டயரில் ஆணி குத்தியபடியே நிற்க, காற்று பெரும்பாலும் மெதுவாகவே இறங்கும். வண்டியை ஓரங்கட்டுவதற்குக் கிடைக்கும் அந்த நேரம் மதிப்புமிக்கது.

அகலமான டயர் அதிகப் பிடிப்பைத் தரும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. குறுகிய ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் அதன் விளிம்புகள் உள்நோக்கி நெருக்கப்பட்டு, மேற்பரப்பு கூர்மையாக வளைகிறது. வண்டி நிமிர்ந்து ஓடும்போது சாலையைத் தொடும் பகுதியின் வடிவம் கெடுகிறது. எடை கூடுகிறது, எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது, செயின் கவரிலோ மட்கார்டிலோ உரசவும் கூடும். தயாரிப்பாளர் தந்த அளவிலேயே இருங்கள்.

4. மலிவு டயர்களை இரண்டாகப் பிரியுங்கள்

விலை குறைந்த டயர்கள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவது தவறு. முதல் வகை, அறியப்பட்ட நிறுவனமொன்றின் விலை குறைந்த வரிசை. எடுத்துக்காட்டாக, தைவானின் செங் ஷின் நிறுவனமே மேக்ஸிஸ், சி.எஸ்.டி. ஆகிய இரு பெயர்களிலும் டயர்களை விற்கிறது. இத்தகைய டயரில் ரப்பர் கலவை எளிமையாக இருக்கலாம். ஆனால் யார் செய்தது, எங்கே செய்தது, குறை வந்தால் யாரிடம் கேட்பது என்பது தெரியும். இரண்டாவது வகை, பெட்டியில் ஒரு பெயரும் டயரில் வேறொரு பெயரும் கொண்டு, ஆலையின் அடையாளமே இல்லாமல் வருவது.

முதல் வகை பல ஓட்டிகளுக்குப் போதுமானது என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவது வகையை எந்த விலைக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தரம் மோசம் என்று நிரூபிக்கப்பட்டதால் அப்படிச் சொல்லவில்லை; தரத்தை அறிவதற்கு எந்த வழியும் இல்லாததால் சொல்கிறேன்.

இரண்டையும் பிரித்தறிய, டயரைக் கையில் எடுத்து நான்கு விஷயங்களைப் பாருங்கள். தயாரித்த நாடும் நிறுவனமும் ரப்பரிலேயே வார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஒட்டிய தாள் போதாது. வண்டி ஓடும் நாட்டின் தரச்சான்று முத்திரை இருக்க வேண்டும். வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால், அது ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைய விதிப்படி ஒப்புதல் பெற்றது. அந்த எண் ஒப்புதல் அளித்த நாட்டைக் குறிக்கும். எழுத்துகள் கூர்மையாகவும் ஓரங்கள் சீராகவும் வார்க்கப்பட்டிருக்க வேண்டும். உத்தரவாத அட்டையில் டயரின் வரிசை எண்ணை எழுதி முத்திரையிட்டுத் தர கடைக்காரர் தயங்கினால், அந்தத் தயக்கமே போதிய பதில்.

பயன்படுத்திய டயர், மேல்தோல் ஒட்டிய பழைய டயர் ஆகியவை இந்தப் பேச்சிலேயே வர வேண்டாம். அவற்றின் உள்ளே நூலிழைகள் என்ன அடி வாங்கியிருக்கின்றன என்பது வெளியே தெரியாது.

5. ஈரச் சாலைப் பிடிப்பை வைத்து எடைபோடுங்கள்

வறண்ட, சுத்தமான சாலையில் நிதானமாக ஓட்டும்போது மலிவு டயருக்கும் உயர்ந்த டயருக்கும் உள்ள வேறுபாடு சாதாரண ஓட்டிக்குத் தெரிவதே இல்லை. அதனால்தான் பலர், தனக்கு எந்தச் சிக்கலும் வந்ததில்லை என்று உண்மையாகவே சொல்கிறார்கள். வேறுபாடு வெளிப்படுவது நனைந்த சாலையில், திடீரென்று பிரேக் பிடிக்கும் அந்த ஒரு தருணத்தில்.

காரணம் ரப்பர் கலவையில் இருக்கிறது. சாலையின் மிக நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கி நிறைந்தால்தான் பிடிப்பு கிடைக்கும். கடினமான கலவை அந்த மேடுகளின் உச்சிகளை மட்டுமே தொட்டுச் செல்கிறது. நடுவே நீர்ப்படலம் இருந்தால் அதுவும் தடைபடுகிறது. கலவையில் கரிப்பொடியோடு சிலிக்காவையும் சேர்த்தால் ஈரப் பிடிப்பு கூடும், உருளும்போது வீணாகும் ஆற்றலும் குறையும். ஆனால் சிலிக்காவை ரப்பரோடு பிணைக்கத் தனி வேதிப்பொருளும் கவனமான கலக்கும் முறையும் தேவைப்படுவதால் செலவு உயர்கிறது. பெயர்பெற்ற டயரில் நீங்கள் கூடுதலாகத் தரும் பணத்தின் பெரும் பயன் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈரச் சாலையில் ஒரு டயரின் பிடிப்புக் கெழு (பிடிப்பின் அளவைக் காட்டும் எண்; கூடினால் பிடிப்பும் கூடும்) 0.7 என்றும் மற்றொன்றின் கெழு 0.5 என்றும் எடுத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்த எண்கள், எந்த நிறுவனத்தின் டயரையும் குறிப்பவை அல்ல. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் முழுப் பிடிப்பையும் பயன்படுத்திப் பிரேக் பிடித்தால் முதல் வண்டி சுமார் 20 மீட்டரில் நிற்கும். இரண்டாவதற்குச் சுமார் 28 மீட்டர் வேண்டும். எட்டு மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் வண்டி நின்றுவிட்ட அதே இடத்தில் இரண்டாவது வண்டி இன்னும் மணிக்கு சுமார் 32 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு குழந்தையோ லாரியின் பின்பக்கமோ இருந்தால், அந்த 32 கிலோமீட்டர் வேகத்தில்தான் மோதல் நடக்கும்.

ஆகவே ஆண்டில் பல மாதங்கள் மழையில் ஓட்டுபவர், நெரிசலில் அடிக்கடி திடீர்ப் பிரேக் பிடிக்க நேர்பவர், பின்னால் குடும்பத்தினரை ஏற்றிச் செல்பவர் ஆகியோர் ஈரப் பிடிப்புக்குப் பெயர்பெற்ற டயரையே எடுக்க வேண்டும். மழை அரிதான இடத்தில், குறைந்த வேகத்தில், குறுகிய தூரம் தனியாக ஓட்டுபவருக்கு நான்காம் படியில் சொன்ன முதல் வகை மலிவு டயர் நியாயமான தேர்வு.

பட்டன் அமைப்பைப் பார்த்து ஈரப் பிடிப்பை ஊகிக்கலாமா என்றால், ஓரளவுக்கு மட்டுமே. நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளும் தொடர்ச்சியான பள்ளங்கள் உதவுகின்றன. ஆனால் புகழ்பெற்ற ஒரு டயரின் பள்ள வடிவத்தை அப்படியே நகலெடுத்து, கடினமான கலவையில் வார்த்து விற்க முடியும். அந்த வடிவம் அங்கே வெறும் அலங்காரமே.

6. கிலோமீட்டருக்கு ஆகும் செலவைக் கணக்கிடுங்கள்

இப்போதுதான் விலை. விலையை மட்டும் ஒப்பிடாமல், பொருத்தும் கூலியையும் சேர்த்து, எதிர்பார்க்கும் கிலோமீட்டரால் வகுங்கள். மலிவு டயருக்கு 100 பங்கு செலவாகி அது 15,000 கிலோமீட்டர் ஓடினால், ஆயிரம் கிலோமீட்டருக்கு 6.7 பங்கு. பெயர்பெற்ற டயருக்கு 150 பங்கு செலவாகி 25,000 கிலோமீட்டர் ஓடினால் 6 பங்கு. முதலில் விலை அதிகமாகத் தெரிந்தது முடிவில் சற்றே மலிவாகிவிடுகிறது.

இந்தக் கணக்கு எப்போதும் ஒரே பக்கம் சாயாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிடிப்புக்காக மென்மையாகச் செய்யப்பட்ட உயர்ந்த டயர், கடினமான மலிவு டயரைவிட விரைவில் தேயலாம். அதிக நாள் உழைத்தது என்று ஒருவர் பாராட்டும் டயர், நனைந்த சாலையில் வழுக்கும் அதே டயராகவும் இருக்கலாம். எனவே உழைப்பைப் பற்றி மட்டும் பேசும் பரிந்துரையைப் பாதிப் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் எப்படி என்றும் கேளுங்கள்.

7. பணம் போதாவிட்டால் எங்கே குறைப்பது

இரண்டு டயரும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டி, இரண்டுக்கும் உயர்ந்ததை வாங்க இயலாவிட்டால், நல்ல டயரை முன்னால் மாட்டுங்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிப் பாய்வதால் வண்டியை நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியை முன் சக்கரமே செய்கிறது. பின் சக்கரம் வழுக்கினால் பல நேரம் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. முன் டயர் மெதுவாகத் தேய்வதால் அதில் போட்ட பணம் நீண்ட நாள் உழைக்கவும் செய்கிறது.

வேறு வேறு நிறுவனத்தின் டயர்களைச் சேர்த்து ஓட்டுவதில் தவறில்லை. ஆனால் ஒன்று ரேடியல் (உள் இழைகள் டயரின் குறுக்கே நேராகச் செல்வது), மற்றொன்று குறுக்கிழை (இழைகள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிச் செல்வது) என்று உள்ளமைப்பைக் கலக்காதீர்கள். வண்டித் தயாரிப்பாளரே அப்படித் தந்திருந்தால் மட்டும் விதிவிலக்கு.

8. தேதியைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்

பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2224 என்றால் 2024ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் தயாரானது. ஒரு பக்கத்தில் மட்டுமே இது இருக்கக்கூடும். இல்லை என்று சொன்னால் டயரைத் திருப்பிப் பாருங்கள்.

ரப்பர் உட்கார்ந்திருந்தாலும் ஆக்சிஜனாலும் ஓசோனாலும் கடினமாகிக்கொண்டே போகும். ஓராண்டுக்குள் தயாரான டயரைக் கேளுங்கள். நிழலில் சரியாக வைக்கப்பட்டிருந்தால் இரண்டாண்டு வரை ஏற்கலாம். பெரும் தள்ளுபடியில் கிடைக்கும் பெயர்பெற்ற டயர், அதற்கும் பழையதாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன். அப்போது புதிய மலிவு டயரே மேல்.

9. பொருத்தும்போது அருகில் நில்லுங்கள்

பக்கச்சுவரில் உள்ள சுழற்சி அம்பு, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். சில டயர்களில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அம்புகள் இருக்கும். சக்கரத்துக்கு உரியதைப் பின்பற்றுங்கள். மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம். வால்வுக்கு நேரே வர வேண்டும்.

விளிம்பில் சோப்பு நீரைத் தடவச் சொல்லுங்கள். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ ரப்பரைக் கெடுப்பதோடு, டயர் ரிம்மின் மேல் நழுவவும் வழிவகுக்கும். டியூப் உள்ள டயர் என்றால் புதிய டியூபும் ரிம் டேப்பும் போடுங்கள். விரிந்து மெலிந்த பழைய டியூப் புது டயருக்குள் மடிந்து பஞ்சராகும். ட்யூப்லெஸ் என்றால் வால்வை மாற்றுங்கள். காற்று நிரப்பிய பின், டயரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக அமரவில்லை.

பின் சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது இருபக்கச் செயின் குறிகளும் சமமாக உள்ளனவா, அச்சு நட் முழுதாக முறுக்கப்பட்டதா, பிரேக் பிடிக்கிறதா என்று வண்டியை நகர்த்தும் முன்பே சரிபாருங்கள்.

10. முதல் ஓட்டமும் முதல் சில வாரங்களும்

புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை கடுமையாகச் சாய்க்காமலும் திடீர்ப் பிரேக் இல்லாமலும் ஓட்டுங்கள். சாய்வைப் படிப்படியாகக் கூட்டினால் ஓரங்களும் பழகும்.

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டியின் கையேட்டில் உள்ளபடி நிரப்புங்கள். பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயரின் அதிகபட்சச் சுமைக்கான அழுத்தம். அதை அன்றாட அளவாக எடுத்துக்கொண்டால் பிடிப்பும் போகும், நடுப்பகுதியும் தேய்ந்துவிடும். பின்னால் ஆள் ஏறும் நாட்களுக்குக் கையேடு கூடுதல் அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1 முதல் 1.5 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இறங்கும் என்பதால், பருவம் மாறும்போது கட்டாயம் ஒருமுறை பாருங்கள்.

பில்லையும் உத்தரவாத அட்டையையும் பக்கச்சுவரின் வரிசை எண்ணையும் படமெடுத்து வையுங்கள். மாட்டிய அன்று ஓடோமீட்டர் காட்டும் எண்ணைப் பில்லின் மேலேயே எழுதுங்கள். வாரங்கள் செல்லும்போது பக்கச்சுவரில் உப்பலோ, சீரான சாலையில் கைப்பிடியில் தொடர்ந்த அதிர்வோ தென்பட்டால், வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். டயர் பாதி தேய்ந்த பிறகு சொல்லும் குறையை விற்றவர் ஏற்பது கடினம்.